வாய்க்குள் இருப்பவை

கறம்பக்குடி
15.7.2024

புவனாவுக்கு அக்கா எழுதுவது.

நலம் என்று தொடங்க மனசு வரவில்லை. நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

நாக்கில் இடது பக்கத்தை வெட்டி எடுத்து ஐந்து வாரம் ஆகப்போகிறது. நான் பேசுவது ரஞ்சனிக்கே பாதிதான் விளங்குகிறது. நீ போனில் "என்னக்கா? என்னக்கா?" என்று கேட்கக் கேட்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. வாட்ஸப்பில் எழுதலாம்தான். ஆனால் அந்தப் போன் ரஞ்சனி கையில் இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்புப் பாடமெல்லாம் அதில்தான் வருகிறது. நான் கேட்கப்போவதை அவள் படிக்கக் கூடாது. அதனால்தான் தபால்.

போன மாதம் முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நீயும் மாப்பிள்ளை பிரவீனும் பாப்பாவோடு என்னைப் பார்க்க வந்தீர்கள். நான் குழைந்த பருப்புச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்புமொழி வந்து மடியில் சாய்ந்து, "பெரிம்மா, ஆ" என்று வாயைத் திறந்தாள். என் ஸ்பூனால் ஒரு வாய் ஊட்டினேன். மூன்று வயசுப் பிள்ளை கேட்டால் யார்தான் ஊட்ட மாட்டார்கள்? நீ வாசல்படியில் இருந்து ஓடி வந்தாய். அவள் வாய்க்குள் விரலை விட்டு அந்தச் சோற்றைத் தோண்டி எடுத்தாய். குழாயடிக்குத் தூக்கிப் போய் மூன்று தடவை கொப்பளிக்க வைத்தாய். நான் எண்ணினேன்.

"அவளுக்குச் சளிக்கா, ஒனக்கு ஒட்டிக்குமேன்னுதான்" என்று சொன்னாய். இரண்டு நாள் இருப்பதாக வந்தவள் அன்று சாயங்கால பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாய்.

அடுத்த வீட்டுக்காரி செய்திருந்தால், விவரம் தெரியாதவள் என்று விட்டிருப்பேன். செய்தது நீ. சென்னையில் புற்றுநோய்க்காரர்களின் வாயைத் துடைத்த பஞ்சைத்தான் நீ தினமும் சோதிக்கிறாய். அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். தெரிந்தவள் அப்படி ஓடி வந்தால் நான் என்ன நினைப்பது?

அன்றிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. ரஞ்சனியை உள் அறையில் படுக்கச் சொல்லிவிட்டேன். "ஏம்மா?" என்று கேட்டாள். தையல் வலிக்கிறது என்றேன். உன் அத்தான் சிங்கப்பூரில் இருந்து பேசும்போதும் ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்காக இருபது நாள் லீவில் வந்துவிட்டுப் போனவர், மறுபடி எப்படி வருவார்?

புவனா, என்னை உலுக்குவது இதுவல்ல. நாக்கில் அந்தப் புண்ணை நான்கு மாதம் வைத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு பிள்ளைகள். கஞ்சி சூடாக இருக்கிறதா என்று ஒரு வாய் நான் குடித்துப் பார்த்துவிட்டு, அதே கரண்டியால் ஊற்றியிருக்கிறேன். அழுகிற பிள்ளைக்கு என் டம்ளரில் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். இப்போது படுத்தால் ஒவ்வொரு பிள்ளையாக முகம் வருகிறது.

இருபத்திரண்டாம் தேதி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கரண்ட், அதுதான் கதிர்வீச்சு, வைக்கத் தொடங்க வேண்டும். முப்பது நாள். முகத்துக்கு வலை மாதிரி ஒரு மூடி செய்து வைத்திருக்கிறார்கள். அதை மாட்டி மேசையோடு பூட்டிப் பார்த்தார்கள். எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

இது ஒட்டுமா, ஒட்டாதா? ஒரே வரியில் எழுது.

சொர்ணவல்லி


சென்னை
19.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஒட்டாது. நீ கேட்ட ஒரு வரி இதுதான்.

பாப்பாவுக்கு அன்று உண்மையிலேயே சளி. ஆபரேஷன் ஆன உடம்பு, உனக்கு வந்துவிடக் கூடாதே என்றுதான் பதறினேன். நீ இதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டிருப்பாய் என்று நினைக்கவில்லை.

என் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். ஒவ்வொருவர் வாயிலும் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் வாழ்கின்றன. உன் வாயில், என் வாயில், பாப்பா வாயில். பெரும்பாலானவை தொல்லை இல்லாதவை, சில நமக்கு உதவி. வாய்ப் புற்று உள்ளவர்களிடம் கட்டி இருக்கிற இடத்தில் ஒரு பஞ்சு, நல்ல இடத்தில் ஒரு பஞ்சு என்று துடைத்து எடுத்து வருவார்கள். இரண்டையும் பிரித்து, எந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். கட்டி உள்ள பக்கத்தில் சில வகைகள் அதிகம். அவற்றில் ஒன்று ஊசி மாதிரி இரண்டு முனையும் கூராக இருக்கும். ஈறு வீங்கி ரத்தம் கசிகிறவர்கள் வாயிலும் அது நிறைய உண்டு. அது புண்ணைக் கிளறிவிட்டு, கட்டி வளரத் துணை போகிறதோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.

நீ இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டாம் தேதி கட்டாயம் போய்விடு. மூடி பத்து நிமிஷம்தான். கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டே இரு.

ரஞ்சனியை நன்றாகப் படிக்கச் சொல்.

உன் தங்கை
புவனேஸ்வரி


கறம்பக்குடி
3.8.2024

புவனா,

உன் கடிதத்தைப் பத்துத் தடவைக்கு மேல் படித்துவிட்டேன். முதல் வரியில் ஒட்டாது என்கிறாய். கீழே வந்தால் கிருமி என்கிறாய். கிருமி என்றால் ஒட்டாமல் எப்படி இருக்கும்? அங்கன்வாடியில் பதினாறு வருஷமாகச் சளி, சொறி, அம்மை எல்லாம் பார்த்தவள் நான். நான் பயப்படக் கூடாது என்று முதல் வரியை எழுதினாய். உண்மையைக் கீழே எழுதிவிட்டாய்.

பரவாயில்லை. எதிரி யார் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய நிம்மதி. எனக்கு ஈறில் ரத்தம் வருவது பத்து வருஷப் பழக்கம். இடது கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து அந்தப் பக்கத்து நாக்கைத்தான் உரசிக்கொண்டே இருந்தது. எல்லாம் பொருந்திப் போகிறது பார்.

ஆபரேஷன் முடிந்து வரும்போது ஐந்து நாளைக்குக் கேப்சூலும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். கிருமி சேராமல் இருக்க என்று நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தச் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மறுபடி வாங்கினேன். இரண்டு வாரமாகச் சாப்பிடுகிறேன். வாய் கொப்பளிக்கிற மருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை. நாக்கு எரிகிறது, சாகட்டும் சனியன்கள் என்று பொறுத்துக்கொள்கிறேன்.

கரண்ட் வைக்கப் போகவில்லை. கோபப்படாதே. அந்த மூடிக்குள் வாயைத் திறக்காமல் கிடக்க வேண்டும். உள்ளே கிருமி உயிரோடு இருக்கும்போது மேலே சூடு வைத்தால், அது தொண்டைக்கும் நெஞ்சுக்கும் ஓடிவிடாதா? முதலில் அதைக் கொன்று முடிக்கிறேன், அப்புறம் போகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தது. ரஞ்சனி எடுத்துவிட்டாள். மிஷின் ரிப்பேர், தேதி தள்ளிப் போயிருக்கிறது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அங்கன்வாடிப் பக்கம் ஒரு நாள் போனேன், லீவு நீட்டிக்க எழுதிக் கொடுக்க. ஆயா சந்தனம் என்னைக் கண்டதும் எழுந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அங்கிட்டுப் போய் நின்றாள். "டீச்சர், கோவிச்சுக்கிறாதீங்க. தாய்மாருங்க கேக்குறாங்க, டீச்சருக்கு வந்தது பிள்ளைகளுக்கு வருமான்னு. நான் என்ன சொல்லட்டும்?" என்றாள். லீவுத் தாளை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்ல?

இதை ரஞ்சனிக்கோ அத்தானுக்கோ சொன்னாயானால் உனக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை.

அக்கா


சென்னை
8.8.2024

அக்கா,

கடிதம் இன்று மத்தியானம் வந்தது. படித்துவிட்டு உட்கார முடியவில்லை. ஒன்பது தடவை போன் செய்தேன். ரஞ்சனி எடுத்து, "சித்தி, அம்மா பேச மாட்டேங்குது" என்கிறாள். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

மாத்திரையை நிறுத்து. கொப்பளிப்பதையும் நிறுத்து. நாளைக்கே தஞ்சாவூருக்குப் போ. கிருமியைத் துரத்த அல்ல, கரண்ட் வைக்க. வெட்டியபோது கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அழிப்பதற்குத்தான் அது. ஒவ்வொரு வாரமும் கணக்கு, அக்கா.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பாப்பாவுக்கு அன்று சளி இல்லை.

நான் ஊருக்கு வந்த அந்த வாரம் ஒரு சாம்பிள் என் மேசைக்கு வந்தது. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். கூட வந்த தாளில் பெண், நாற்பத்தொன்று, நாக்கு இடது பக்கம் என்று இருந்தது. நீ இல்லை, வேறு யாரோ. ஆனால் அதைத் திறக்கும்போது உன்னைத் திறக்கிற மாதிரி இருந்தது. அன்று கையுறையைக் கழற்றிவிட்டு ஐந்து தடவை கை கழுவினேன். அப்புறம் கறம்பக்குடிக்கு வந்தேன். உன் ஸ்பூன் பாப்பா வாய்க்குள் போனதைப் பார்த்ததும் என் கால் தானாக ஓடியது. ஒட்டாது என்று எனக்குத் தெரியும், அப்போதும் தெரியும். தெரிந்துகொண்டே ஓடினேன்.

பஸ்ஸில் பிரவீன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒங்கக்கா மொகத்தப் பாத்தியா?" பார்த்தேன். அதனால்தான் இரண்டு நாள் இருக்க முடியவில்லை. அதனால்தான் போன கடிதத்திலும் சளி என்றே எழுதினேன். படித்தவள் பயந்தாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கத்தான் ஆராய்ச்சியைப் பற்றி அவ்வளவு எழுதினேன். அது உன்னை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டது.

இனி உண்மையை மட்டும் எழுதுகிறேன். கிருமி ஒரு வாயில் இருந்து இன்னொரு வாய்க்குப் போகும். அது பொய் இல்லை. தாய் வாயில் இருந்து பிள்ளைக்கு எத்தனையோ போகிறது. புற்று அப்படிப் போகாது. கட்டியில் அந்த ஊசிக் கிருமி நிறைய இருக்கிறது, அதுவும் உண்மை. அது முதலில் வந்து கட்டியைக் கிளப்பியதா, இல்லை கட்டி வந்த பிறகு அங்கே நல்ல இடம் கிடைத்தது என்று குடியேறியதா, எங்கள் லேபில் ஒருவருக்கும் தெரியாது. மாத்திரை சாப்பிட்டால் புற்று போகும் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. உன் வாயில் உள்ள நல்லதையும் சேர்த்து நீ கொன்றுகொண்டிருக்கிறாய்.

அந்த இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் உன்னால் ஒன்றும் வராது.

புதன்கிழமை வரை பார்ப்பேன். நீ கிளம்பிய தகவல் வராவிட்டால் நான் வந்து நிற்பேன்.

புவனா


கறம்பக்குடி
12.8.2024

புவனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தாமதமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

திரும்ப வந்துவிட்டது.

ஆறு நாளாகிறது. முதலில் மீதி இருக்கிற நாக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. மறுநாள் நாலைந்து. இப்போது நாக்கு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் எல்லாம் உறைமோர் தெறித்த மாதிரி இருக்கிறது. துணியால் துடைத்தால் வழித்துக்கொண்டு வருகிறது. அடியில் ரத்தச் சிவப்பு. தண்ணீர் பட்டால்கூட உயிர் போகிறது. மூன்று நாளாக இளநீர் மட்டும்தான். போன தடவை வந்தது ஒரே இடத்தில், மிளகு அளவில். இப்போது வாய் முழுக்க. ரஞ்சனி பார்த்துவிடக் கூடாது என்று அவள் பள்ளிக்கூடம் போனபிறகுதான் கண்ணாடி எடுக்கிறேன்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். இனி எதற்கு?

நீ ஒன்றைச் சொன்னாய், நானும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் வாயைப் பார்த்த டாக்டரம்மா, "புகையிலை, பாக்கு ஏதாவது போடுவீங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் அத்தான் நின்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பொய். அந்த இனிப்புப் பாக்குப் பொட்டலம் எனக்கு ஒன்பது வருஷப் பழக்கம். மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைத்ததும் ஒன்றை இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். முதலில் ஒன்று, அப்புறம் நாலு, கடைசியில் பத்து. புகையிலை இல்லையே, வாசனைப் பாக்குதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இடது கன்னம், புவனா. இடது நாக்கு.

நீ கிருமி என்று எழுதியதும் நான் ஏன் அதைப் பிடித்துத் தொங்கினேன் என்று இப்போது தெரிகிறதா? கிருமி என்றால் என் மேல் தப்பு இல்லை. எங்கிருந்தோ வந்தது, என் தலையெழுத்து என்று அழுதுவிடலாம். ஆனால் அப்போது என்னை யாரும் தொடக் கூடாது. பாக்கு என்றால் ரஞ்சனியைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவளை அம்மா இல்லாமல் ஆக்கியது நானே என்று ஆகிவிடும். இரண்டில் எது வேண்டும் என்று இந்த ஒரு மாதமாக நான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்டுக்குப் போகாமல் இருந்ததற்கு மூடியும் ஒரு சாக்கு, கிருமியும் ஒரு சாக்கு. போனால் மறுபடி டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்பார் என்றுதான் பயந்தேன்.

ரஞ்சனி நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். அத்தான் இன்ஜினியரிங் என்பார். அவள் பக்கம் நில். அவள் ஜாதகம், சர்டிபிகேட் எல்லாம் பீரோவில் நீல உறையில்.

இனி எழுத முடியுமோ தெரியவில்லை.

அக்கா


சென்னை
1.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னை விட்டுவிட்டு வந்து ஐந்து நாள் ஆகிறது. நீ தினமும் பஸ்ஸில் தஞ்சாவூர் போய் வருவதை ரஞ்சனி மெசேஜில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது எல்லாம் அவளுக்குத் தெரியும் என்பதால் போனிலேயே எழுதலாம். ஆனால் இதைக் கடிதத்தில்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அன்று உன் கடிதத்தில் "துடைத்தால் வழித்துக்கொண்டு வருகிறது" என்ற வரியை நான் மூன்று தடவை படித்தேன். புற்று அப்படித் துணியோடு வராது, பூஞ்சைதான் வரும். எனக்கு நூற்றுக்கு எண்பது நம்பிக்கை இருந்தது. மீதி இருபதோடுதான் அன்று ராத்திரி கறம்பக்குடிக்குப் பஸ் ஏறினேன். விடிகாலையில் நீ கதவைத் திறந்தபோது ஒரு குச்சியின் மேல் முழுச் சீலையைச் சுற்றி வைத்த மாதிரி இருந்தாய். வாயை மூடிக்கொண்டு கையால் என்னைத் தள்ளினாய். உன்னைக் கட்டிப்பிடித்தபோது நீ எவ்வளவு முரண்டு பிடித்தாய் என்பது உனக்கு நினைவிருக்காது.

தஞ்சாவூரில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பூஞ்சைம்மா இது. இருக்குற பாக்டீரியாவை எல்லாம் மாத்திரை போட்டுக் கொன்னுட்டீங்க, எடம் காலியாச்சு, இது வந்து ஒக்காந்துருச்சு" என்றார். தடவுகிற மருந்து கொடுத்தார். நீ அங்கேயே உட்கார்ந்து அழுதாய். நானும் அழுதேன். பத்து நாளில் ஆறியது, இருபத்தாறாம் தேதி கரண்ட் தொடங்கியது. அது வரை உனக்குத் தெரியும்.

தெரியாதது இது. நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டரம்மா என்னை நிறுத்திச் சொன்னார். "ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சிருக்கணும். பத்து வாரத்தத் தாண்டப் போகுது. திரும்ப வர்ற வாய்ப்பு கூடியிருக்கு. எவ்வளவுன்னு கேட்டா என்னால சொல்ல முடியாது." நீ திரும்பி வந்து, "என்னடி சொன்னாங்க?" என்று ஜாடையில் கேட்டாய். எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னதாகச் சொன்னேன்.

மறுபடியும் பொய். பஸ் விழுப்புரம் தாண்டும்போதே அது என்னை அரிக்கத் தொடங்கிவிட்டது. முதல் பொய் என்ன செய்தது என்று பார்த்தபிறகும் இதை வைத்துக்கொண்டிருக்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. உன்னிடம் இதைச் சொல்ல இன்னும் அதிகமாக. ஆனால் இனி நாம் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குப் பயப்படுவோம். உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று வேண்டாம்.

பாக்கைப் பற்றியும் எழுதியிருந்தாயே. அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். உடைந்த பல், ஈறு, கிருமி எல்லாம் கூடச் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு என்று உலகத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்பது வருஷம் உன் வாய்க்குள் நடந்ததை இன்று ஒரு பஞ்சைத் துடைத்து எடுத்து யாரும் படிக்க முடியாது.

புவனா


கறம்பக்குடி
13.10.2024

அன்புத் தங்கை புவனாவுக்கு,

முப்பதும் முடிந்தது. போன செவ்வாயோடு கடைசி.

உன் கடிதத்தைப் படித்த அன்று உன் மேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் ரஞ்சனியிடம்கூடப் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த மூடிக்குள் படுத்திருக்கும்போது யோசித்தேன். எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால், இருபதாவது நாள் வலி தாங்காமல் நிறுத்தியிருப்பேன். தெரிந்ததால்தான் போனேன். இனி ஒரு வாரம்கூட விடக் கூடாது என்ற பயம்தான் என்னைத் தினமும் பஸ்ஸில் ஏற்றியது.

வாய் வெந்துவிட்டது. எச்சில் ஊறவில்லை. எல்லாம் மண் மாதிரி இருக்கிறது. கஞ்சி குடிக்க முக்கால் மணி நேரம். கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது.

எனக்கு முந்தின நம்பர் மரியசெல்வம் என்ற மணமேல்குடிக்காரர். தொண்டையில். கடலுக்குப் போகிற மனுஷன், அந்த மூடியைப் பார்த்தாலே சிலுவை போட்டுக்கொள்வார். இரண்டு பேருக்கும் பேச்சு வராது, அதனால் ஒரு நோட்டில் மாற்றி மாற்றி எழுதுவோம். ஒரு நாள், "இது என் பேரனுக்கு ஒட்டுமா?" என்று எழுதினார். நான் ஒட்டாது என்று எழுதினேன். கீழே வேறு எதுவும் எழுதவில்லை. அப்புறம் ஒரு வாரம் அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. யாரிடமும் கேட்கத் துணிச்சல் வரவில்லை. திங்கட்கிழமை வந்தார், பாதி ஆளாக. காய்ச்சலாம். அவரைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம், உன் அத்தான் ஏர்போர்ட்டில் இறங்கியபோதுகூட வந்ததில்லை.

ரஞ்சனியிடம் பாக்கு விஷயத்தைச் சொன்னேன். ஒரு தாளில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு, "எனக்குத் தெரியும்மா. எட்டாவது படிக்கும்போதே ஒன் பையில பாத்தேன்" என்றாள். அப்புறம் தேம்பித் தேம்பி அழுதாள். "நான் அப்பவே அப்பாட்ட சொல்லியிருந்தா ஒனக்கு இது வந்திருக்காதுல்ல?" இவ்வளவு நாளாகப் பிள்ளை அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள், புவனா. நான் உள் அறையில் படுக்கச் சொன்னதுகூட அதனால்தான் என்று நினைத்திருக்கிறாள்.

இப்போது என் பக்கத்தில்தான் படுக்கிறாள்.

அத்தானிடமும் வீடியோவில் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அக்கா


சென்னை
4.1.2025

அக்கா,

செவ்வாய்க்கிழமை உன் செக்கப். டாக்டர் என்ன சொன்னாலும் அதே வார்த்தையில் சொல். நல்லது என்று மாற்றிச் சொல்லாதே. கெட்டதைக் குறைத்தும் சொல்லாதே.

அன்றைக்கு நான் லீவு போட்டிருக்கிறேன். லேபுக்குப் போனாலும் வேலை ஓடாது.

புவனா


கறம்பக்குடி
22.1.2025

அன்புள்ள புவனா,

செக்கப் முடிந்த அன்றே ரஞ்சனி மெசேஜ் அனுப்பிவிட்டாள், ஆனாலும் நீ கேட்டபடி அதே வார்த்தையில் எழுதுகிறேன். டாக்டரம்மா வாய்க்குள் டார்ச் அடித்தார். கழுத்தை இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. நான் செத்துப் பிழைத்தேன். அது தையல் தடிப்பு என்றார். "இப்ப ஒண்ணும் தெரியல. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க." அவ்வளவுதான். அந்த 'இப்ப'வை வைத்துக்கொண்டுதான் நான் நடமாடுகிறேன். தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். அது போகாது போலிருக்கிறது.

பொங்கல் கழித்து அங்கன்வாடியில் சேர்ந்தேன். தாய்மார் கூடி வந்துவிட்டார்கள். நான் பேச நினைத்ததை எழுதி வைத்திருந்தேன். வாசிக்க முடியவில்லை. அதனால் வாயைத் திறந்து காட்டினேன். வெட்டிய நாக்கை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "இது ஒட்டாது. நான் பாக்குப் போட்டேன்" என்றேன். அதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. ஒருத்தி, "டீச்சர் சொல்றத நம்பலாம். ஆனா மனசு கேக்கணும்ல?" என்றாள். படித்த என் தங்கைக்கே மனசு கேட்கவில்லையே. மறுநாள் இருபத்திரண்டு பிள்ளைகளில் பதினான்கு வந்தன. இன்றைக்குப் பதினாறு.

இன்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மூன்றரை மணிக்குப் பிள்ளைகள் போனதும் சந்தனம் கதவைச் சாத்தினாள். என்ன என்று பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, "டீச்சர், என் வாயக் கொஞ்சம் பாக்குறீங்களா?" என்றாள். அவளும் அதே பாக்குதானாம், ஒரு வருஷமாகக் காரம் பட்டாலே வாய் எரிகிறதாம். இப்போது கவளம் உள்ளே போகவில்லை, கிள்ளிக் கிள்ளித்தான் சாப்பிடுகிறாளாம். மூன்று விரலை நிறுத்தி வாய்க்குள் விடச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அப்படித்தான் பார்ப்பார்கள். இரண்டு விரல்தான் நுழைந்தது. டார்ச் அடித்தேன். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தோல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு சின்னப் புண். துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியோடு வரவில்லை.

அந்தத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு வந்தபோதுகூட இப்படிப் பயப்படவில்லை.

"செத்துப் போயிருவேனா டீச்சர்?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது. நாளைக்குப் போனா டாக்டரம்மா சொல்லுவாங்க. காலையில ஏழேகால் பஸ்" என்றேன்.

"அடுத்த வாரம் போவமா? நாளைக்கு ரேஷன் போடுறாங்க. மக வேற வாரேன்னுச்சு" என்றாள். அப்புறம், "சும்மா வெந்ததா இருக்கும், வேணா ரெண்டு நாள் மோர் ஊத்திப் பாப்பமா?" என்றாள். ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். நான் அடுக்கிய சாக்குகள் எல்லாம் அவள் வாயில் இருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுடைய புண் என்னவென்று எனக்குத் தெரியாது. காலையில் அவள் வராமல் இருந்துவிடுவாளோ என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற பயம். அதனால் பஸ் ஸ்டாண்டில் போய்க் காத்திருக்கப் போவதில்லை. ஆறு மணிக்கே அவள் வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிறேன்.

சொர்ணவல்லி